கந்தகப் புகைக்கு விலக்கு: அனல்மின் நிலைய விதி ஏன் தளர்ந்தது, இரு தரப்பும் எப்படி அறிவியலையே காட்டுகின்றன?

நிலக்கரியில் ஓடும் அனல்மின் நிலையங்கள் தங்கள் புகையிலிருந்து கந்தக டை ஆக்சைடைப் பிரித்தெடுக்க வேண்டும் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2015 டிசம்பரில் விதி போட்டது. அவகாசம் இரண்டு ஆண்டு. 2025 ஜூலை 11 அன்று அதே அமைச்சகம், நாட்டின் நிலக்கரி மின் அலகுகளில் (ஒரு நிலையத்துக்குள் தனித்தனியாக ஓடும் மின் உற்பத்தித் தொகுதிகள்) நான்கில் மூன்று பங்குக்கும் மேலானவற்றை அந்தக் கடமையிலிருந்து விடுவித்தது.

அரசு தன் முடிவுக்கு ஆதாரமாக அறிவியல் ஆய்வுகளைக் காட்டியது. எதிர்த்தவர்களும் அறிவியல் ஆய்வுகளையே காட்டினார்கள். ஒரே வாயு, ஒரே புகைபோக்கி, எதிரெதிர் முடிவுகள். இதில் யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் பெரும்பாலான எண்கள் சரியானவைதான். இரு தரப்பும் அளப்பது வேறு வேறு பொருள்களை.

கந்தகம் எவ்வளவு வருகிறது?

நிலக்கரியில் இயல்பாகவே கொஞ்சம் கந்தகம் உண்டு. எரியும்போது அது ஆக்சிஜனோடு சேர்ந்து கந்தக டை ஆக்சைடு ஆகிறது. 1 டன் கந்தகம் எரிந்தால் 2 டன் வாயு.

500 மெகாவாட் அலகு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 650 கிராம் இந்திய நிலக்கரி தேவை. முழுத் திறனில் ஓடினால் மணிக்கு 325 டன் நிலக்கரி. அதில் கந்தகம் அரை சதவீதம் என்று வைத்தால் மணிக்கு 1.6 டன் கந்தகம், 3.2 டன் வாயு. ஒரு நாளைக்கு 77 டன் வருகிறது. சாம்பலில் சிறிது தங்கிவிடும், அலகுகள் ஆண்டு முழுவதும் முழுத் திறனில் ஓடுவதும் இல்லை. ஆனாலும் எத்தகைய அளவைப் பற்றிப் பேசுகிறோம் என்பதற்கு இது போதும்.

"இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு" என்ற வாதத்தை இங்கேயே பார்த்துவிடலாம். சொல்வது உண்மைதான். பல நாடுகளின் நிலக்கரியில் 1 சதவீதத்துக்கும் மேல் கந்தகம் இருக்கையில், நம்முடையதில் பெரும்பாலும் அரை சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. ஆனால் நம் நிலக்கரியில் சாம்பல் அதிகம், வெப்பத்திறன் குறைவு. அதே மின்சாரத்துக்கு அதிகக் கிலோ எரிக்க வேண்டும். ஒரு கிலோவுக்கான கந்தகத்தைப் பார்த்தால் கிடைக்கும் நிம்மதியில் ஒரு பங்கு, ஒரு யூனிட்டுக்கான கந்தகத்தைப் பார்க்கும்போது போய்விடுகிறது.

2015 விதி கேட்டது என்ன?

புகைபோக்கியிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு கன மீட்டர் புகையிலும் எவ்வளவு மாசு இருக்கலாம் என்பதே உமிழ்வு வரம்பு. 2015-க்கு முன்பு அனல்மின் நிலையங்களுக்குக் கந்தக டை ஆக்சைடு உமிழ்வு வரம்பே கிடையாது. புகைபோக்கி இத்தனை மீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்பது மட்டுமே விதி. 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள அலகுகளுக்கு அது 275 மீட்டர்.

புதிய விதியில், 2017-க்கு முன் நிறுவப்பட்டவற்றில் 500 மெகாவாட்டுக்குக் குறைந்த அலகுகளுக்கு 600 மில்லிகிராம், 500-உம் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கு 200 மில்லிகிராம், 2017-க்குப் பின் வந்தவற்றுக்கு 100 மில்லிகிராம் என்று வரம்பு வந்தது. தூசு, நைட்ரஜன் ஆக்சைடுகள், பாதரசம் ஆகியவற்றுக்கும் தனித்தனி வரம்புகள் வந்தன.

மேலே கணக்கிட்ட அலகு மணிக்குச் சுமார் 20 லட்சம் கன மீட்டர் புகையை வெளியேற்றும். 3.2 டன் வாயுவை அதில் பரப்பினால் ஒரு கன மீட்டருக்கு 1,600 மில்லிகிராம். வரம்பு 200. "கந்தகம் குறைந்த" நிலக்கரியை எரித்தும் எட்டு மடங்கு அதிகம். ஆகவே கருவி இல்லாமல் இந்த வரம்புக்குள் வர வழியில்லை.

அந்தக் கருவிதான் செய்திகளில் எஃப்.ஜி.டி. என்று வருவது. புகைபோக்கிக்குப் போகும் வழியில் ஓர் உயரமான கோபுரம். உள்ளே சுண்ணாம்புக்கல் பொடியைத் தண்ணீரில் கரைத்த குழம்பைத் தூறலாகத் தெளிப்பார்கள். புகை அதன் ஊடே ஏறும்போது வாயு சுண்ணாம்புடன் வினைபுரிந்து ஜிப்சமாக மாறிக் கீழே தங்கும். 90 சதவீதத்துக்கும் மேல் பிடித்துவிடலாம். நம் அலகுக்கு ஒரு நாளைக்கு நூறு டன்னுக்கு மேல் சுண்ணாம்புக்கல் வேண்டும், இருநூறு டன்னை ஒட்டி ஜிப்சம் வரும். சிமென்ட் ஆலைகளுக்கு அது பயன்படும். பம்புகளுக்கும் விசிறிகளுக்கும் மின்சாரம், குழம்புக்குத் தண்ணீர், கட்டுமானத்துக்குச் சில நூறு கோடி ரூபாய் என்று செலவு தனி.

தவணைமேல் தவணை

1. முதல் கெடு 2017 டிசம்பர். அதற்குள் எந்தப் பெரிய முன்னேற்றமும் இல்லை. கெடு 2022 வரை படிப்படியாக நீண்டது.

2. 2021-இல் நிலையங்களை மூன்று வகையாகப் பிரித்தார்கள். தேசியத் தலைநகர் வட்டாரத்துக்கோ பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரத்துக்கோ 10 கிலோமீட்டருக்குள் இருப்பவை 'ஏ'. கடுமையாக மாசுபட்ட பகுதிகளுக்கோ காற்றுத் தர அளவை எட்டாத நகரங்களுக்கோ 10 கிலோமீட்டருக்குள் இருப்பவை 'பி'. மீதியெல்லாம் 'சி'.

3. 2022-இலும் 2024 டிசம்பரிலும் மேலும் நீட்டிப்பு.

4. 2025 ஜூலையில், 'ஏ' வகைக்கு 2027 டிசம்பர் 30 கெடு. 'பி' வகையை வல்லுநர் மதிப்பீட்டுக் குழு ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்யும். புகைபோக்கி உயர விதியை நிறைவேற்றும் 'சி' வகைக்குக் கந்தக வரம்பே பொருந்தாது. மொத்த அலகுகளில் 'ஏ', 'பி' இரண்டும் தலா 11 சதவீதம் அளவில். 'சி' சுமார் 78 சதவீதம்.

பட்டியலில் இருந்த 537 அலகுகளில், பத்து ஆண்டு முடிவில் கருவி பொருத்தியிருந்தவை ஐம்பதுக்கும் குறைவு. 2025 அறிவிக்கையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு எண்ணே முக்கால் விளக்கம் என்பேன். நடைமுறையில் ஒருபோதும் உயிர்பெறாத விதிக்குக் கிடைத்த இறப்புச் சான்றிதழ் அது.

அரசுத் தரப்பு வைக்கும் காரணங்கள்

அமைச்சகம் வெறும் செலவுக் கணக்கை மட்டும் காட்டவில்லை. நாக்பூரில் உள்ள தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமான நீரி, பெங்களூருவின் தேசிய மேம்பட்ட ஆய்வு நிறுவனம், டெல்லி ஐ.ஐ.டி. ஆகியவற்றின் அறிக்கைகள் அதன் பக்கம் இருந்தன. மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அஜய் சூட் தலைமையிலான குழுவும் எல்லா நிலையங்களுக்கும் கட்டாயம் என்பது தேவையில்லை என்ற கருத்துக்கு வந்தது. வாதங்களைச் சுருக்கினால்:

1. நாட்டின் பெரும்பாலான இடங்களில் தரைமட்டக் காற்றில் இந்த வாயு, 24 மணி நேரச் சராசரியாகக் கன மீட்டருக்கு 80 மைக்ரோகிராம் என்ற இந்தியத் தர அளவுக்குக் கீழேதான் இருக்கிறது.

2. கருவி உள்ள நிலையத்தைச் சுற்றியும் இல்லாத நிலையத்தைச் சுற்றியும் அளந்தால் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

3. சுண்ணாம்புக்கல்லைப் பயன்படுத்துவதால் கரியமில வாயு கூடும்.

4. அதே பணத்தைத் தூசைக் கட்டுப்படுத்தச் செலவிட்டால் பலன் அதிகம்.

மூன்றாவதை முதலில் முடித்துவிடலாம். சுண்ணாம்புக்கல் வினைபுரியும்போது கரியமில வாயு வரும் என்பது சரி. நம் அலகில் அது நாளுக்குச் சுமார் 50 டன். ஆனால் அதே அலகு நிலக்கரியை எரிப்பதால் வெளியேற்றுவது நாளுக்கு 11,000 டன்னுக்கும் மேல். கருவியை ஓட்டச் செலவாகும் மின்சாரத்தையும் சேர்த்தால்கூடக் கூடுதல் சுமை இரண்டு சதவீதத்தை ஒட்டியே நிற்கும். உண்மையான வாதம், சிறிய வாதம்.

சல்பேட் துகள்கள் பூமியைச் சற்றுக் குளிர்விக்கின்றன, அவற்றை அகற்றினால் வெப்பம் கூடும் என்ற பேச்சும் உண்டு. இயற்பியலில் அது சரி. ஆனால் அதை ஒப்புக்கொண்டால் நாட்டில் எந்தப் புகையையுமே குறைக்கக் கூடாது என்று ஆகிவிடும்.

எதை அளக்கிறோம் என்பதுதான் வழக்கு

முதல் இரண்டு வாதங்கள் எடையுள்ளவை. அவை சொல்லும் அளவீடுகளை நான் சந்தேகிக்கவில்லை. 275 மீட்டர் உயரத்தில் விட்ட வாயு பக்கத்துக் கிராமத்தில் குறைவாகத் தெரிவதில் வியப்பு இல்லை. உயரமான புகைபோக்கி கட்டுவதே அதற்காகத்தான்.

கந்தக டை ஆக்சைடு வாயுவாகவே இருந்துவிடுவதில்லை. காற்றில் மிதக்கும்போது அது ஆக்சிஜனேற்றம் அடைந்து கந்தக அமிலமாகி, வயல்களிலிருந்தும் கால்நடைகளிலிருந்தும் வரும் அம்மோனியாவோடு சேர்ந்து அம்மோனியம் சல்பேட் என்ற நுண்துகள் ஆகிறது. இதுவே பி.எம். 2.5-இன் ஒரு பகுதி. அதாவது 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய, நுரையீரலின் ஆழம் வரை போகும் துகள். புகைபோக்கியிலிருந்து துகளாகவே வராமல் காற்றில் உருவாவதால் இதை இரண்டாம் நிலைத் துகள் என்கிறார்கள்.

இந்த மாற்றம் மெதுவானது. வறண்ட பகல் காற்றில் மணிக்கு 1 சதவீதம் என்ற அளவில் நடக்கும். மேகமும் மூடுபனியும் இருந்தால் வேகம் கூடும். புகைபோக்கி உயரத்தில் காற்று மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறது என்று வைப்போம். 10 கிலோமீட்டரைக் கடக்க அரை மணி நேரம் போதும். அதற்குள் வாயுவில் 1 சதவீதம்கூடத் துகளாகியிருக்காது. ஒரு நாள் கழித்து அது 400 கிலோமீட்டருக்கு அப்பால், வேறொரு மாநிலத்தில் இருக்கும். கணிசமான பகுதி அப்போது சல்பேட்டாக மாறியிருக்கும்.

இப்போது அந்த 10 கிலோமீட்டர் வட்டத்தைத் திரும்பிப் பாருங்கள். 'ஏ', 'பி', 'சி' என்ற பிரிவினை முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. வாயுவால் பக்கத்து ஊருக்கு வரும் பாதிப்பே கவலை என்றால் அந்த வட்டம் பொருத்தமானது. துகள்தான் கவலை என்றால், அது இன்னும் உருவாகவே தொடங்காத இடத்தில் போட்ட கோடு அது. நகரத்திலிருந்து 9 கிலோமீட்டரில் உள்ள நிலையத்துக்குக் கருவி கட்டாயம், 11-இல் உள்ளதற்கு வேண்டாம் என்பதற்கு வளிமண்டல வேதியியலில் இடமே இல்லை.

நான்காவது வாதத்தையும் இதே கணக்கில் சோதிக்கலாம். தூசு வரம்பு கன மீட்டருக்கு 50 மில்லிகிராம் உள்ள 500 மெகாவாட் அலகு, விதிப்படி நடந்தால் நாளுக்கு 2.4 டன் தூசை வெளியேற்றும். அதே அலகின் 77 டன் வாயுவில் பாதி மட்டும் சல்பேட்டாக மாறி, மீதி வழியிலேயே மண்ணிலும் மழையிலும் படிந்துவிடுகிறது என்று கொண்டாலும், 1 டன் வாயு 2 டன் அம்மோனியம் சல்பேட் ஆகும் என்பதால் நாளுக்குச் சுமார் 80 டன் துகள் வருகிறது. இரண்டும் விழும் இடமும் சுவாசிக்கும் மக்களும் வேறு என்பதால் அப்படியே ஒப்பிட முடியாது. பழைய நிலையங்களின் தூசு வடிப்பான்கள் பல நேரங்களில் வரம்பைத் தாண்டுவதும் உண்மை. இருந்தாலும் 2.4-உக்கும் 80-உக்கும் நடுவில் உள்ள தூரம் பெரியது. வாயுவை விட்டுவிட்டுத் தூசை மட்டும் கவனிப்போம் என்று சொல்பவர் இந்தத் தூரத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அறிக்கைகளைப் படிக்கும்போது ஒரு நுணுக்கத்தையும் கவனிக்க வேண்டும். துகளில் கந்தகம் எத்தனை சதவீதம் என்று சொன்னால், அது தனிக் கந்தகமா, சல்பேட்டா, அம்மோனியம் சல்பேட்டா என்று கேளுங்கள். 32 கிராம் கந்தகம் 132 கிராம் அம்மோனியம் சல்பேட்டாக நிற்கும். அளவைப் பெயர் மாறினால் எண் நான்கு மடங்கு மாறும். ஐந்து சதவீதம் என்பது இருபது சதவீதமும் ஆகலாம், இரண்டுமே சரியாக இருக்கலாம்.

ஐரோப்பா ஏற்கெனவே நடத்திய விவாதம்

1952-இல் லண்டனை மூடிய புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. 1956-இல் பிரிட்டன் தூய காற்றுச் சட்டம் இயற்றியது. அதன்பின் எழுந்த மின் நிலையங்களுக்கு மிக உயரமான புகைபோக்கிகள் கட்டப்பட்டன. ஊர்க் காற்று தெளிந்தது, அளவீடுகள் குறைந்தன, சிக்கல் தீர்ந்தது என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

1960-களின் பிற்பகுதியில் சுவீடனைச் சேர்ந்த மண் அறிவியலாளர் ஸ்வாந்தே ஓதேன், ஸ்காண்டிநேவிய ஏரிகள் அமிலமாவதற்கும் மீன்கள் மடிவதற்கும் பிரிட்டனிலிருந்தும் மத்திய ஐரோப்பாவிலிருந்தும் காற்றில் வரும் கந்தகமே காரணம் என்றார். 1972-இல் ஸ்டாக்ஹோம் சுற்றுச்சூழல் மாநாட்டில் சுவீடன் அதை அதிகாரபூர்வமாகவே முன்வைத்தது. 1979-இல் எல்லை தாண்டும் காற்று மாசு பற்றிய ஜெனீவா ஒப்பந்தம் வந்தது. 1985-இல் ஹெல்சிங்கியில் கந்தகத்தை 30 சதவீதம் குறைக்கும் உடன்பாட்டில் பிரிட்டன் கையெழுத்திடவில்லை. ஆய்வு போதாது, செலவுக்கேற்ற பலன் தெரியவில்லை என்பவை அன்று அடிக்கடி கேட்ட காரணங்கள். அமெரிக்காவும் 1980-களை அமில மழை ஆய்வுத் திட்டத்திலேயே கழித்தது. சட்டத் திருத்தம் 1990-இல்தான் வந்தது.

இந்தியாவில் அமில மழை அவ்வளவு பெரிய சிக்கல் ஆகவில்லை. நம் காற்றில் பறக்கும் கால்சியம் நிறைந்த மண் புழுதி அமிலத்தைப் பெருமளவு சமன்செய்துவிடுகிறது. ஏரிகளுக்கு அது நன்மை. நுரையீரலுக்குள் போகும் துகளின் எடையைப் புழுதி குறைப்பதில்லை.

சீனா வேறு வழியில் போனது. அங்கே கிட்டத்தட்ட எல்லா நிலக்கரி நிலையங்களிலும் இந்தக் கருவி வந்துவிட்டது. 2017-இல் வெளியான செயற்கைக்கோள் ஆய்வு ஒன்று, 2007-க்குப் பின் சீனாவின் கந்தக டை ஆக்சைடு வெளியேற்றம் 75 சதவீதம் குறைந்ததாகவும் இந்தியாவுடையது 50 சதவீதம் கூடியதாகவும் கணக்கிட்டது.

நியாயமான கேள்வி எது?

விலக்கை ஆதரிப்பவர்களிடம் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது, அதை அவர்கள் போதிய அழுத்தத்தோடு சொல்வதில்லை. நாட்டின் பி.எம். 2.5-க்கு வீட்டு விறகடுப்பு, வாகனம், செங்கல் சூளை, பயிர்த்தாள் எரிப்பு என்று பல மூலங்கள் உண்டு. சில லட்சம் கோடி ரூபாய் செலவிடும் நிலையில் எந்த மூலத்தில் செலவிட்டால் அதிக உயிர் காப்பாற்றப்படும் என்று கேட்பது பொறுப்பான கேள்விதான். தொலைதூரத்தில் ஆண்டுக்குச் சில மாதமே ஓடும், ஓய்வுபெறப் போகும் பழைய 210 மெகாவாட் அலகுக்கு இந்தக் கருவியைப் பொருத்துவது வீண் என்று நானும் சொல்வேன். 2030 முடிவுக்குள் மூடப்போகும் அலகுகளுக்கு விலக்கு அளித்திருப்பதில் தவறு காண முடியவில்லை.

ஆனால் இந்த வாதத்துக்கு இன்னொரு பாதி உண்டு. கருவிக்குச் செலவிடாத பணம் விறகடுப்பை மாற்றப் போகிறதா? போகாது. அது அரசுக் கருவூலத்தில் மிச்சமாகும் பணமல்ல. மின்கட்டணம் வழியாக நுகர்வோரிடம் வசூலாகியிருக்க வேண்டிய பணம். இந்தக் கருவிக்கான செலவைக் கட்டணத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்று மின்துறை அமைச்சகம் 2018-லேயே வழி செய்துவிட்டது. யூனிட்டுக்கு 25 முதல் 30 காசு மிச்சம் என்று செய்திகளில் வந்த மதிப்பீடு உண்மையென்றே கொண்டாலும், அந்தக் காசு அடுப்புத் திட்டத்துக்கு மாற எந்த வாய்க்காலும் வெட்டப்படவில்லை.

தமிழ்நாட்டில் இது எப்படித் தொடும்?

தமிழ்நாட்டில் மூன்று விதமான சூழல்கள் உள்ளன. சென்னையின் வடக்கு விளிம்பில் வல்லூரும் வட சென்னை நிலையங்களும் நெருக்கமான குடியிருப்புகளுக்குப் பக்கத்தில் நிற்கின்றன. தூத்துக்குடி கடலோரத்தில் இருக்கிறது. நெய்வேலி எரிப்பது பழுப்பு நிலக்கரி. அதில் ஈரப்பதம் மிக அதிகம், கந்தகமும் சாதாரண இந்திய நிலக்கரியைவிடப் பெரும்பாலும் கூடுதல். "இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு" என்ற வாதத்தை நெய்வேலிக்கு அப்படியே நீட்ட முடியாது.

இனி கவனிக்க வேண்டியது 'பி' வகை பற்றி வல்லுநர் குழு ஒவ்வொரு நிலையத்துக்கும் எழுதப்போகும் காரணங்களை. சல்பேட் துகளைக் கணக்கில் எடுத்தார்களா, 10 கிலோமீட்டருக்குள் வாயுவை மட்டும் அளந்து முடித்தார்களா என்பது அந்தக் குறிப்புகளில் தெரிந்துவிடும்.

கருவியை ஏற்கெனவே கட்டி முடித்த நிலையங்களின் நிலைதான் சங்கடமானது. மின் வாரியங்கள் மலிவான மின்சாரத்தை முதலிலும் விலை கூடியதைக் கடைசியிலும் எடுக்கின்றன. அந்த வரிசையை முடிவு செய்வது எரிபொருளையொட்டிய மாறும் செலவு. சுண்ணாம்புக்கல்லும் கூடுதல் மின்சாரமும் சேர்ந்து, கருவியை ஓட்டும் நிலையத்தின் யூனிட் விலையைச் சில காசுகள் ஏற்றும். வரிசையில் அது ஓரிரு இடம் பின்னுக்குப் போகும். கட்டுமானச் செலவோ நிலைக்கட்டணமாக நுகர்வோர் தலையில் ஏற்கெனவே ஏறிவிட்டது. 'சி' வகையில் உள்ள அத்தகைய நிலையத்தில், வரம்பே இல்லாதபோது கருவியை ஓட்டச் சொல்லும் விதியும் இல்லை. நிறுத்திவைத்தால் லாபம், ஓட்டினால் நட்டம்.